பருத்தியே அரசன் என்றவர்: ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்டும் அவரது பண்ணைக் கணக்குகளும்

கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் பொழுது நன்றாக விடிந்த பிறகு வயலுக்குப் புறப்பட்டால் போதும். போகும் வழியில் குழந்தையைப் பிள்ளைகள் கொட்டகையில் விட்டுச் செல்ல வேண்டும். குழந்தைக்கு எட்டு மாதம் நிறையும்வரை, முற்பகலின் நடுவிலும் உச்சிவேளையிலும் பிற்பகலின் நடுவிலுமாக ஒரு நாளில் மூன்று முறை வந்து பால் கொடுக்கலாம். ஒவ்வொரு முறைக்கும் 45 நிமிடம். எட்டு மாதத்திற்குப் பிறகு இரண்டு முறை. பன்னிரண்டாம் மாதத்தில் உச்சிவேளையில் மட்டும். அதோடு பால்குடி மறக்கடிக்கப்படும். வயலிலிருந்து வந்தவளின் உடல் சூடு தணியும் முன் குழந்தையை மார்பில் வைக்கவிடாமல் பார்த்துக்கொள்வது கொட்டகையில் இருப்பவளின் பொறுப்பு. இப்படிப்பட்ட பெண்ணிடம் எதிர்பார்க்கக்கூடிய வேலை, ஒரு முழு ஆள் செய்யும் வேலையில் ஐந்தில் மூன்று பங்கு.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சவானா ஆற்றங்கரையில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவித்த ஓர் அடிமைப் பண்ணையின் கண்காணிக்காக 1850களில் எழுதப்பட்ட விதிப்புத்தகத்தில் இந்த ஏற்பாடு இருக்கிறது. சவுக்கடிக்கும் அதே புத்தகத்தில் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளில் நூறு அடிக்கு மேல் போகக் கூடாது, அந்த அளவும் மிகக் கடுமையான குற்றத்திற்கு மட்டுமே. சாதாரணமாகப் பதினைந்து முதல் இருபது அடி போதும். இதை எழுதியவர் ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்ட். வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, பத்திரிகை நடத்தி, பெரும் பண்ணையாராகி, காங்கிரஸ் உறுப்பினர், மாநில ஆளுநர், செனட்டர் என்று படிப்படியாக ஏறியவர். 'பருத்தியே அரசன்' என்று 1858இல் செனட் அவையில் அவர் முழங்கியதுதான் இன்று வரலாற்று நூல்களில் அவர் பெயரை நிறுத்தியிருக்கிறது. அந்தப் பேச்சைத் தனியாக எடுத்துப் படிப்பவருக்கு வாதத்தில் தேர்ந்த ஒரு வழக்கறிஞர் தெரிவார். அவருடைய பண்ணைக் கணக்கையும் அந்தரங்க நாட்குறிப்பையும் அருகில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு, அவையில் அவர் நிறுவ முயன்ற ஒவ்வொன்றையும் அவருடைய கையெழுத்தே மறுத்துக்கொண்டிருப்பது தெரியவரும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வாசிப்பைச் சார்ந்தது.

ஹாமண்ட் 1807 நவம்பர் 15 அன்று தென் கரோலினாவின் நியூபெரி வட்டாரத்தில் பிறந்தார். பின்னாளில் அடிமைமுறையை வைத்திருந்த தெற்கு மாநிலங்களின் வாழ்முறைக்காக, அதை ஒழித்துவிட்ட வடக்கை இவ்வளவு ஆவேசத்தோடு எதிர்த்தவருடைய தந்தை எலைஷா ஹாமண்ட், வடக்கிலுள்ள மாசசூசெட்ஸிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பள்ளி ஆசிரியர். குடும்பத்தில் படிப்பு இருந்தது, நிலமும் பணமும் இல்லை. தந்தை தம் கனவுகள் அனைத்தையும் மூத்த மகன்மீது ஏற்றினார். கொலம்பியா நகரிலிருந்த தென் கரோலினா கல்லூரியில் படித்து 1825இல் பட்டம் பெற்ற மகன், சில காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், சட்டம் படித்தார், 1828இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

அவருடைய வழக்கறிஞர் வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏழைக் குடும்பத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அன்றைய தெற்கில் மேட்டுக்குடியின் வாசல்வரை போக உதவிய படிக்கட்டு சட்டத் தொழில். வாசலைத் தாண்டி உள்ளே உட்கார நிலமும் அடிமைகளும் வேண்டும். 1830இல் 'சதர்ன் டைம்ஸ்' என்ற பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, மத்திய அரசின் சுங்கவரிச் சட்டத்தைத் தம் எல்லைக்குள் செல்லாததாக்கும் உரிமை மாநிலத்திற்கு உண்டு என்ற கட்சிக்காகக் கடுமையாக எழுதினார். தென் கரோலினாவின் அரசியல் தலைவர் ஜான் கால்ஹூன் வகுத்த கோட்பாடு அது. வரியைப் பற்றிய வழக்காக அது பேசப்பட்டாலும், வாஷிங்டன் ஒரு நாள் அடிமைமுறையில் கை வைத்தால் அதைத் தடுக்க ஒரு பூட்டு வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. அந்த எழுத்து ஹாமண்டை மாநிலம் முழுவதும் அறிமுகப்படுத்தியது.

நிலமும் அடிமைகளும் திருமணத்தின் வழியே வந்தன. சார்ல்ஸ்டன் நகரத்து வணிகர் சார்ல்ஸ் ஃபிட்ஸ்சிமன்ஸ் 1825இல் இறந்துபோயிருந்தார். அவர் தம் இளைய மகள் கேதரின் பெயரில் விட்டுச் சென்ற சொத்துகளில் ஒன்று சில்வர் பிளஃப் என்ற பண்ணை. கேதரினுக்கு அப்போது பதினேழு வயது. பேசத் தயங்குகிற, அழகி என்று எவரும் சொல்லாத பெண். இந்த இளைஞன் பெண்ணைத் தேடி வரவில்லை, சொத்தைத் தேடி வருகிறான் என்று அவள் வீட்டார் சந்தேகப்பட்டார்கள். மனைவி வழிச் சொத்தில் உரிமை கோருவதில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஹாமண்ட் மறுத்தார். கடைசியில் பெண்ணின் பிடிவாதம் வென்றது. 1831 ஜூனில் திருமணம் நடந்தது. மணமான பெண்ணின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும் என்ற அன்றைய சட்டத்தின்படி, சவானா ஆற்றையொட்டிய பல ஆயிரம் ஏக்கர் நிலமும் 147 அடிமைகளும் இருபத்து மூன்று வயது வழக்கறிஞரின் உடைமையாயின. கேதரினின் அக்காள் ஆன், மாநிலத்தின் மிகப் பெரிய செல்வர்களில் ஒருவரான இரண்டாம் வேட் ஹாம்ப்டனின் மனைவி. அந்த உறவு முதலில் ஹாமண்டைத் தூக்கிவிட்டது. பிறகு கீழே தள்ளியது.

1831 டிசம்பரில் ஹாமண்ட் சில்வர் பிளஃபுக்கு வந்து பொறுப்பேற்றார். அங்கே இருந்தவர்கள் பல ஆண்டுகளாக உரிமையாளர் கண்ணில் படாமல் வாழ்ந்து பழகியவர்கள். தமக்கென்று ஒரு நடைமுறையை அவர்கள் உருவாக்கி வைத்திருந்தார்கள். அதன் உயிர்நாடி அளவு வேலை: இன்றைக்கு இவ்வளவு நிலம் கொத்தி முடித்தால் போதும் என்று காலையில் அளந்து விடுவார்கள், முடித்தவர் மீதிப் பொழுதில் தம் குடிசையை ஒட்டிய காய்கறிப் பாத்தியைப் பார்க்கலாம், மீன் பிடிக்கலாம். ஹாமண்டுக்கு இது பொறுக்கவில்லை. மாலை மூன்று மணிக்கே ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவதைத் தம் சொத்து வீணாவதாகவே அவர் பார்த்தார். எல்லோரையும் ஓர் அணியாக நிறுத்தி, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கண்காணியின் கண்முன் வேலை வாங்கும் முறையைப் புகுத்தினார்.

எதிர்த்துப் பேசினால் சவுக்கு விழும் என்பதால் எவரும் பேசவில்லை. வேலை மட்டும் கெட்டது. களை எடுக்கப்பட்டது, பருத்திச் செடியும் சேர்ந்து போனது. கருவிகள் உடைந்தன. பருத்தி எடுக்கும்போது குப்பையும் இலையும் சேர்ந்தே கூடையில் விழுந்தன. ஹாமண்ட் அடித்தார், பிறகு பரிசு கொடுத்தார், பிறகு மீண்டும் அடித்தார். இந்த இழுபறி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கடைசியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாமலேயே, அளவு வேலைக்கு அவர் இறங்கி வந்தார். மாநில ஆளுநராக இருந்த ஒருவரைத் தம் பண்ணைக்குள் அடிபணிய வைத்தவர்கள், சட்டப்படி தம் உடம்பின்மீதே உரிமை இல்லாத மனிதர்கள். என் வாசிப்பில் ஹாமண்டின் வாழ்க்கையில் மிக முக்கியமான நிகழ்வு இதுதான். எந்த அவைக் குறிப்பிலும் இது பதிவாகவில்லை.

வழிபாட்டிலும் இதே போராட்டம் நடந்தது. சில்வர் பிளஃப் வட்டாரத்தில் 1770களிலேயே கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சபை ஒன்று உருவாகியிருந்தது. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினச் சபைகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. கறுப்பினப் போதகரும் இரவுக் கூட்டமும் கலகத்தின் விதை என்று ஹாமண்ட் கருதினார். 1831 ஆகஸ்டில்தான் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமைப் போதகர் தலைமையில் கிளர்ச்சி வெடித்திருந்தது. அந்த அச்சம் தெற்கு முழுவதும் படர்ந்திருந்தது. சபைக்குப் போகத் தம் ஆட்களுக்கு அவர் தடை விதித்து, வெள்ளைப் போதகர்களைக் கூலிக்கு அமர்த்தினார். இரவில் ஒளிந்து கூடுவதும், அதைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதும், சில மாதங்களில் மறுபடி கூடுவதும் அவருடைய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

தப்பி ஓட்டமும் அப்படியே. 1831 முதல் 1855 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை ஆட்கள் ஓடியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஓடியவர்கள் எவருக்கும் நிலையான விடுதலை கிடைக்கவில்லை. பெரும்பாலோர் ஆற்றங்கரைச் சதுப்புக் காட்டில் சில நாட்களோ சில வாரங்களோ ஒளிந்திருந்து பிடிபட்டார்கள் அல்லது பசி தாங்காமல் திரும்பினார்கள். அந்த நாட்களில் அவர்களுக்குச் சோறு கொண்டு போய்க் கொடுத்தது குடிசைகளில் இருந்த மற்றவர்கள். இது ஹாமண்டுக்குத் தெரியும். அதனால் ஓடியவர் திரும்பும்வரை இருப்பவர்களையும் சேர்த்துத் தண்டித்துப் பார்த்தார்.

எல்லாவற்றிலும் கொடியது சாவுக் கணக்கு. சதுப்பு நிலத்துக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அந்தப் பண்ணையில் ஓயவில்லை. 1831க்கும் 1841க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் 78 அடிமைகள் இறந்தார்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம். ஹாமண்ட் மருத்துவ நூல்களை வாங்கிப் படித்துத் தாமே வைத்தியம் பார்த்தார். இரத்தம் வடிப்பதும் கடும் பேதி மருந்தும் அன்றைய மருத்துவத்தின் ஆயுதங்கள். நோயோடு இந்த வைத்தியமும் சேர்ந்தே பலரைக் கொன்றிருக்க வேண்டும். சாவுகளை எழுதும்போது அவர் உண்மையிலேயே வருந்துகிறார். ஆனால் குதிரையும் கோவேறு கழுதையும் செத்ததை எழுதுகிற அதே மூச்சில் அந்த வருத்தமும் வருகிறது. கடவுள் தம்மைக் குறிவைத்துச் சோதிக்கிறார் என்றே அவர் புலம்புகிறார். குழந்தையைப் பறிகொடுத்த தாய் அந்த வரிகளில் எங்கும் இல்லை.

இந்தப் பண்ணையிலிருந்துதான் அவர் வாஷிங்டனுக்குப் போனார். 1835 டிசம்பரில் பிரதிநிதிகள் அவையில் போய் அமர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டுதான். அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து அடிமை ஒழிப்புக் கோரிக்கை மனுக்கள் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தன. மனுவைப் பெற்றுக்கொண்டு ஓரமாக வைத்துவிடுவதே வழக்கம். 1835 டிசம்பரில் மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஒருவர் அப்படி ஒரு மனுவை அளித்தபோது, அதைப் பெற்றுக்கொள்ளவே கூடாது என்று ஹாமண்ட் எழுந்து சொன்னார். மக்கள் தங்கள் பிரதிநிதிகளிடம் மனுக் கொடுக்கும் உரிமை அரசியல் சாசனம் காத்து நிற்கும் உரிமை. அதன் வாயிலையே அடைக்கச் சொன்னார் அவர். அதிலிருந்து எழுந்த சச்சரவின் விளைவாக, 1836 மே மாதம் 'வாய்ப்பூட்டு விதி' என்று பெயர் பெற்ற தீர்மானம் நிறைவேறியது. அடிமைமுறை பற்றிய எந்த மனுவும் விவாதமின்றி ஒதுக்கப்படும் என்றது அது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் எட்டு ஆண்டுகளுக்கு மேல் முன்னின்று போராடி 1844 டிசம்பரில் அதை வீழ்த்தினார். அடிமைகளைப் பற்றிப் பேசவிடாமல் செய்வதற்காகப் பூட்டிய பூட்டு, அதுவரை அடிமைகளைப் பற்றிக் கவலைப்படாத வடக்கத்திய வெள்ளையரிடம் 'நம் பேச்சுரிமையும் போகிறதே' என்ற கோபத்தைக் கிளப்பிவிட்டது. ஹாமண்ட் அதற்குள் உடல்நலத்தைக் காரணம் காட்டிப் பதவி விலகி, மனைவியோடும் மூத்த மகனோடும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார்.

இங்கே அந்த ஐந்தில் மூன்று பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதிநிதிகள் அவையில் ஒரு மாநிலத்திற்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது, அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ள அமெரிக்க அரசியல் சாசனம் அனுமதித்திருந்தது. வாக்கு இல்லாத மனிதர்களின் தலைக்கணக்கு, அவர்களுடைய உரிமையாளர்களுக்குக் கூடுதல் நாற்காலிகளாக மாறியது. பால் கொடுக்கும் தாயின் உழைப்பை அதே பின்னத்தில் ஹாமண்ட் அளந்தது தற்செயலாக இருக்கலாம். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தென் கரோலினாவின் மக்கள்தொகை 7,03,708; அவர்களில் 4,02,406 பேர் அடிமைகள். பாதிக்கும் மேற்பட்ட மக்களை உடைமையாகக் கொண்ட அந்த மாநிலத்திலிருந்துதான், மனுவை வாங்காதே என்ற குரல் முதலில் வந்தது.

1842இல் மாநிலச் சட்டமன்றம் அவரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அங்கே ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை இல்லை. பருத்தி மேல் பருத்தி போட்டுச் சலித்துப்போன மண்ணை மீட்க வேண்டும் என்ற அக்கறை அவருக்கு உண்மையாகவே இருந்தது. வர்ஜீனியாவின் வேளாண் அறிஞர் எட்மண்ட் ரஃபினை வரவழைத்து மாநிலம் முழுவதும் மண் ஆய்வு செய்ய வைத்தார். மார்ல் என்ற சுண்ணாம்புக் களிமண்ணை வயலில் இட்டால் புளித்த மண் தெளியும் என்று ரஃபின் சொன்னதைத் தம் பண்ணையிலேயே பெரிய அளவில் செய்து பார்த்தார். ஷெல் பிளஃப் என்ற இடத்தில் அதை வெட்டி எடுத்து, படகில் ஏற்றி, ஆற்றின் எதிர்ப்போக்கில் இழுத்து வந்து, வயல் வயலாகக் கொட்ட வேண்டும். வேளாண் முன்னோடி என்ற பெயர் ஹாமண்டுக்குக் கிடைத்தது. படகு இழுத்தவர்களின் பெயரை அந்தப் பாராட்டுகளில் தேடினால் கிடைக்காது.

ஆளுநராக இருந்தபோதே அவருடைய வீழ்ச்சியும் தொடங்கியது. வேட் ஹாம்ப்டனின் நான்கு பெண்கள் தாயை இழந்தவர்கள். சித்தியின் வீட்டில் அடிக்கடி வந்து தங்குவார்கள். மனைவியின் அக்காள் பெண்கள் என்றால் நம் உறவுமுறையில் மகள் முறை. பதின்பருவத்திலிருந்த அந்தப் பெண்களிடம் ஹாமண்ட் பல மாதங்கள் அத்துமீறி நடந்துகொண்டது 1843இல் வெளிப்பட்டது. ஹாம்ப்டன் வழக்குப் போடவில்லை, துப்பாக்கியையும் எடுக்கவில்லை. ஹாமண்டை இனி எந்தப் பதவிக்கும் வரவிடாமல் செய்வதில் இறங்கினார். 1846இல் செனட் இடத்துக்கு ஹாமண்ட் போட்டியிட்டபோது அந்தக் கதை சட்டமன்ற உறுப்பினர்களிடையே பரப்பப்பட்டு அவர் தோற்றார். நடந்ததை நாட்குறிப்பில் ஹாமண்டே ஒப்புக்கொள்கிறார். ஆனால் பழியைப் பெண்கள்மீது போடுகிறார். அந்த நான்கு பெண்களுக்கும் கடைசிவரை திருமணம் ஆகவில்லை. அவர்களை அழித்தவரோ பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து செனட்டுக்குப் போனார்.

அந்தக் காத்திருப்பின் தொடக்கத்தில், 1845இல் எழுதியவைதாம் தாமஸ் கிளார்க்சனுக்கு அவர் விடுத்த இரண்டு பகிரங்கக் கடிதங்கள். அடிமை வணிகத்தை ஒழிக்க வாழ்நாள் முழுவதும் உழைத்த இங்கிலாந்துக்காரர் கிளார்க்சன். அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்தார். அவருக்குப் பதில் சொல்லும் பாவனையில் அடிமைமுறைக்கான முழு வாதத்தையும் ஹாமண்ட் அடுக்கினார். விவிலியம் அதை அனுமதிக்கிறது. எல்லா மனிதரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஜெஃபர்சன் எழுதிய வாக்கியம் தவறு. குடியரசு என்ற கட்டடத்தின் மூலைக்கல்லே அடிமைமுறை. இங்கிலாந்தின் சுரங்கத்தில் வேலை பார்க்கும் குழந்தையைவிட எங்கள் அடிமை நன்றாக வாழ்கிறான். கடைசி வாதத்திற்கு அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற அறிக்கைகளையே சான்றாகக் காட்டினார். அந்தச் சுரங்கக் குழந்தைகளின் துயரம் பொய்யல்ல; அதைத் தம் கவசமாக எடுத்துக்கொண்டதில்தான் வழக்கறிஞரின் தந்திரம் இருக்கிறது. அடிமைப் பெண்களை உரிமையாளர்கள் கெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் அதில் பதில் சொல்லியிருக்கிறார்: அது மிகவும் ஊதிப் பெருக்கப்பட்ட பழி.

அந்தக் கடிதத்தை எழுதும்போது, அவர் 1839இல் 900 டாலருக்கு வாங்கிய சாலி ஜான்சன் என்ற பெண் அவருடைய பண்ணையில் இருந்தாள். வாங்கியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. இடுப்பில் லூயிசா என்ற ஒரு வயதுக் குழந்தை. சாலியை அவர் தமக்கென்று வைத்துக்கொண்டார். லூயிசா பன்னிரண்டு வயதை எட்டியபோது அவளையும் விட்டுவைக்கவில்லை. மறுக்கும் உரிமை இல்லாதவளிடம் நடந்ததை உறவு என்று சொல்வது தவறு. 1850இல் விஷயம் தெரிந்த கேதரின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். அந்தப் பெண்ணை விலக்கினால் திரும்புவதாகச் சொன்னார். ஹாமண்ட் உடன்படவில்லை. கேதரினின் வனவாசம் சில ஆண்டுகள் நீண்டது, பிறகு அவர் திரும்பி வந்துவிட்டார்.

1856 பிப்ரவரியில் மூத்த மகன் ஹாரிக்கு ஹாமண்ட் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. தாம் இறந்தால் சாலியையும் லூயிசாவையும் அவர்கள் பிள்ளைகளையும் மகன் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். எந்தக் குழந்தை தம்முடையது, எது மகனுடையதாக இருக்கக்கூடும் என்று சொத்துப் பிரிப்பவரின் நிதானத்தோடு கணக்குப் பார்க்கிறார். தம் இரத்தத்தில் பிறந்தவர்கள் அந்நியருக்கு அடிமையாவதைத் தம்மால் பொறுக்க முடியாது என்கிறார். ஆகவே விடுதலை செய்துவிடு என்று அடுத்த வரியில் எழுதுவார் என்று படிப்பவர் எதிர்பார்ப்பார். அவர் எழுதியது வேறு: குடும்பத்திற்குள்ளேயே அடிமையாக இருப்பதுதான் அவர்களுக்கு இந்த உலகில் கிடைக்கக்கூடிய மிக மகிழ்ச்சியான நிலை. கிளார்க்சனுக்கு எழுதிய அத்தனை பக்கங்களிலும் மறைந்திருந்த மனிதர் இந்த ஒரு வாக்கியத்தில் முழுமையாக வெளியே வந்துவிடுகிறார்.

அடுத்த ஆண்டு செனட்டர் ஆண்ட்ரூ பட்லர் இறக்க, காலியான இடத்திற்கு ஹாமண்டைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. கான்சஸ் பிரதேசத்தை அடிமை மாநிலமாகச் சேர்ப்பதா என்ற விவாதம் அப்போது நாட்டைப் பிளந்துகொண்டிருந்தது. நியூயார்க் செனட்டர் வில்லியம் சீவர்ட் பேசிய மறுநாள், 1858 மார்ச் 4 அன்று, ஹாமண்ட் எழுந்தார். பருத்தியின்மீது போர் தொடுக்க உலகில் எந்த வல்லரசுக்கும் துணிவு இல்லை, பருத்தியே அரசன் என்றார். மூன்று ஆண்டுகள் நாங்கள் பருத்தி கொடுக்காவிட்டால் இங்கிலாந்து தலைகுப்புற விழும், தெற்கைத் தவிர நாகரிக உலகம் முழுவதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு விழும் என்றார்.

அதே பேச்சில்தான் மட்சில் கொள்கையும் வந்தது. அமெரிக்க மரவீடு கட்டும்போது, வெறும் மண்ணையொட்டி முதலில் கிடத்தப்படும் கட்டைக்கு மட்சில் என்று பெயர். வீட்டின் சுமை முழுவதும் அதன்மேல் இறங்கும், ஈரமும் கறையானும் முதலில் தாக்குவதும் அதைத்தான். எந்தச் சமூகத்திலும் இழிந்த வேலைகளைச் செய்ய அப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்றார் ஹாமண்ட். எங்களிடம் அதற்கென்று ஓர் இனம் இருக்கிறது. உங்களிடம் கூலித் தொழிலாளர் இருக்கிறார்கள். எங்கள் அடிமைகளுக்கு ஆயுள் முழுவதற்கும் வேலையும் சோறும் உண்டு. உங்களவர்களுக்கு நாள் கூலி மட்டும். பேர்தான் வேறு, பொருள் ஒன்று. உங்களவர்களுக்கு வாக்கும் இருக்கிறது, ஆகவே நடுங்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இந்த வாதத்தில் வடக்கின் ஆலை முதலாளிகளைச் சுட்ட உண்மை ஒரு துளி இருந்தது. ஆனால் அடி விழுந்தது முதலாளிகள்மேல் அல்ல. தச்சரும் கருமாரும் நெசவாலைத் தொழிலாளரும் தங்களை மண்கட்டை என்று ஒரு பண்ணையார் ஏசியதாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கூட்டங்களில் ஏந்தினார்கள். கல்தச்சரின் மகனான கலிஃபோர்னியா செனட்டர் டேவிட் பிராடரிக் அவையிலேயே பதில் சொன்னார். ஆபிரகாம் லிங்கன் 1859 செப்டம்பர் 30 அன்று மில்வாக்கி வேளாண் கண்காட்சியில் பேசும்போது அந்தக் கொள்கையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டார்: இன்று கூலிக்கு உழைப்பவன் நாளை சேமித்துச் சொந்த நிலம் வாங்கலாம், அதற்கடுத்து இன்னொருவனுக்கு வேலை கொடுக்கலாம், உழைப்பவனுக்குப் படிப்பு ஆகாது என்ற எண்ணமே பிழை என்றார். ஹாமண்ட் தம் பேச்சால் லிங்கனுக்கு ஆயிரக்கணக்கான வாக்குகளைச் சேர்த்துக் கொடுத்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

பருத்திக் கணக்காவது சரியா? 1850களின் கடைசியில் பிரிட்டன் நூற்ற பருத்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்தது உண்மை. அந்தச் சார்பு பிரிட்டனுக்கே கவலை தந்திருந்தது. இந்த இடத்தில் தமிழகம் கதைக்குள் வருகிறது. 1840இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தெற்கிலிருந்து பத்துப் பருத்திப் பண்ணையாளர்களைக் கூலிக்கு அமர்த்தி இந்தியாவுக்கு அழைத்து வந்தது. அவர்களில் சிலர் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கும் சோதனைப் பண்ணைகள் 1842 முதல் 1853 வரை நடந்தன. வந்தவர்களின் பயிர் பெரிதாகச் செழிக்கவில்லை. கரிசல் காட்டு விவசாயிக்குத் தன் மண்ணும் மழையும் நன்றாகத் தெரிந்திருந்தன. ஆனால் தென்னகத்துப் பருத்தி, குறிப்பாகத் திருநெல்வேலிப் பருத்தி, லிவர்பூல் சந்தைக்கு அறிமுகமான சரக்காக இருந்தது.

1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தெற்குப் பண்ணையார்கள் ஹாமண்டின் கணக்கை நம்பித் தாங்களாகவே பருத்தியை அனுப்பாமல் நிறுத்தினார்கள். பின்னால் வடக்கின் கடற்படை முற்றுகையும் இறுகியது. முந்தைய ஆண்டுகளின் அமோக விளைச்சல் பிரிட்டிஷ் கிட்டங்கிகளில் குவிந்திருந்ததால் முதல் ஆண்டில் அடி உறைக்கவில்லை. 1862இல் உறைத்தது. இங்கிலாந்தின் பருத்தி ஆலை வட்டாரமான லங்காஷயரில் ஆலைகள் மூடப்பட்டு, அந்த ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி வாழ்ந்தார்கள். ஆயினும் இங்கிலாந்து தலைகுப்புற விழவில்லை, தெற்கை நாடாக அங்கீகரிக்கவும் இல்லை. இந்தியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் பருத்தி போனது. கோவை, திருநெல்வேலிச் சீமைகளில் விலை இதுவரை கண்டிராத உயரத்துக்கு ஏறியது; போர் முடிந்ததும் அதே வேகத்தில் சரிந்து, கடன் வாங்கிப் பருத்தி போட்டவர்களை நசுக்கியது. ஹாமண்ட் கேட்டது மூன்று ஆண்டுகள். போர் நான்கு ஆண்டுகள் நடந்தது.

அவரே அந்தப் போரை முழு மனத்தோடு விரும்பவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் லிங்கன் வென்ற சில நாட்களில், 1860 நவம்பரில், சக செனட்டர் ஜேம்ஸ் செஸ்னட் பதவி விலகிய செய்தி வந்ததும் தாமும் விலகினார். அவமானப்பட்டால் தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொள்ளும் ஜப்பானியரை இது நினைவூட்டுகிறது என்று தம்பிக்கு எழுதினார். முட்டாள்தனம் என்று தெரிந்தும் கூட்டத்தோடு நடந்தார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா மாநிலம் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தது.

அப்போது அவரிடம் முந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். பீச் ஐலண்ட் மேட்டில் ரெட்கிளிஃப் என்ற மாளிகையைக் கட்டி முடித்து, மாக்னோலியா மரவரிசையும் திராட்சைத் தோட்டமும் போட்டிருந்தார். தாம் வாதாடிப் பெற்ற தெற்கின் அரசாங்கம், படைக்கு உணவு வேண்டுமென்று அவருடைய மக்காச்சோளத்தைச் சந்தை விலைக்குக் குறைவாகக் கேட்டபோது, உத்தரவைக் கொண்டு வந்த அதிகாரியின் முன்னாலேயே அதைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். அதற்குக் கீழ்ப்படிவது தம் நெற்றியில் 'அடிமை' என்று சூடு போட்டுக்கொள்வதற்குச் சமம் என்று எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறருடைய உழைப்பை விலையில்லாமல் எடுத்தவருக்கு, தம் சோளத்துக்கு விலை குறைந்தது அடிமைத்தனமாகத் தெரிந்தது. அந்தச் சொல்லின் பொருள் அவருக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது.

1864 நவம்பர் 13 அன்று, ஐம்பத்தேழு வயது நிறைய இரண்டு நாட்கள் இருக்கையில், ரெட்கிளிஃபில் அவர் இறந்தார். அந்த இரண்டு நாட்கள் கழிந்து அவருடைய பிறந்தநாளன்று, வடக்கின் ஜெனரல் ஷெர்மனின் படை அட்லாண்டாவை எரித்துவிட்டுக் கடலை நோக்கிப் புறப்பட்டது. நாம் தோற்றால் என் கல்லறைமேல் ஏர் ஓட்டிவிடு என்று மகனிடம் அவர் சொல்லியிருந்தார். தோல்வி வந்தது. ஏர் ஓட்டப்படவில்லை, பீச் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நினைவுக்கல் நிற்கிறது.

ரெட்கிளிஃப் மாளிகையை 1973இல் அவருடைய கொள்ளுப்பேரன் மாநிலத்திற்குக் கொடையாக அளித்தார். அது இன்று பொதுமக்கள் பார்க்கும் வரலாற்றுத் தலம். மாளிகைக்குப் பின்னால் அடிமைகள் குடியிருந்த பலகை வீடுகளும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நாட்குறிப்புகளும் கடிதங்களும் பண்ணைக் கணக்குகளும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பிறந்த தேதி, இறந்த தேதி, வயது, விலை, ஓடிய நாள், பிடிபட்ட நாள் என்று வரிசை வரிசையாக அவர் தம் கையால் எழுதி வைத்த அந்தப் பக்கங்களில்தான், சாலியும் லூயிசாவும், சதுப்புக் காட்டுக்கு ஓடியவர்களும், முதல் பத்தாண்டில் இறந்த 78 பேரும் இன்று தேடுபவர் கண்ணில் படுகிறார்கள்.